ஒரு மில்லிவோல்ட் உறுமல்

வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் பெட்டி) என்றால் கொஞ்சம் உறுமத்தான் செய்யும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தக் காலத்து ரேடியோவில் பாட்டுக்குப் பின்னால் ‘உம்ம்’ என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் கண்டுகொண்டதில்லை, இப்போது மட்டும் என்ன என்பார்கள். ஸ்பீக்கருக்கு இந்தச் சமாதானம் ஓரளவு செல்லும். ஹெட்போனுக்குச் செல்லாது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆம்ப்பின் வெளியீட்டில் எந்நேரமும் ஒரு மில்லிவோல்ட் இரைச்சல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2.83 வோல்ட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கரில் அது 19 டெசிபெல். சீலிங் ஃபேன் சுற்றும் வீட்டில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதே மில்லிவோல்ட்டை 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போனுக்குக் கொடுத்தால், ஒரு வோல்ட்டுக்கு 97 டெசிபெல் என்ற கணக்கில், காதுக்குள் 37. ஒரு மில்லிவாட்டுக்கு 110 டெசிபெல் தரும் 32 ஓம் இயர்போனுக்குக் கொடுத்தால் 65. பக்கத்து நாற்காலியில் ஒருவர் பேசும் சத்தத்துக்கு வந்துவிட்டோம்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. தாழ்ந்த சுருதிகளுக்கு நம் காது மந்தம். 50 ஹெர்ட்ஸ் சத்தம் கேட்கவே சுமார் 44 டெசிபெல் வேண்டும். 100 ஹெர்ட்ஸுக்கு 26 போதும். இன்னும் மேலே போனால் அதுகூட வேண்டாம். ஆகவே மேலே சொன்ன மில்லிவோல்ட் சுத்தமான 50 ஹெர்ட்ஸாக இருந்தால் எச்டி 600-இல் ஒன்றும் கேட்காது. 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கலந்த ‘ர்ர்ர்’ ஆக இருந்தால் நன்றாகவே கேட்கும். மீட்டரில் இரண்டும் ஒரே எண்தான். இரைச்சலைத் தேடிப் போகிறவர் மீட்டரை எடுப்பதற்கு முன்னால் காதைக் கொடுக்கவேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

என் அக்கா மகன் மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் டெஸ்ட் எஞ்சினியர். நானும் அங்கேதான், வேறொரு ஃபேக்டரியில், டெக்னிஷியனாக இருந்து ரிட்டயர் ஆனவன். 1972-இல் அங்கே தடையற்ற வர்த்தக வட்டாரம் வந்ததிலிருந்து, அக்கரையில் பட்டர்வொர்த், பிறை பக்கத்தில் ஃபேக்டரி பஸ் ஏறாத தமிழ்க் குடும்பம் குறைவு. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை ஃபெரிதான் எங்களுக்கு வழி. சால்டர் புகை எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறை வாசனை. அவன் ஆசைப்பட்டு ஒரு வால்வு ஹெட்போன் ஆம்ப் கட்டினான். முன்னால் ஓர் ஈசிசி88 வால்வு, பின்னால் ஒரு 6080 வால்வு. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 6080-இன் இரண்டு பாதிகளும் ஆளுக்கொரு சேனலாகக் கேத்தோடு ஃபாலோயர் (வோல்டேஜைப் பெருக்காமல் கரண்டை மட்டும் கொடுக்கும் நிலை) வேலை பார்த்து, பெரிய கேபாசிட்டர் வழியாக நேரே ஹெட்போனுக்குப் போகும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு வால்வும் பாட்டுக் கேட்பதற்காகப் பிறந்தவை அல்ல. ஈசிசி88 டிவி ட்யூனருக்குள் வி.எச்.எஃப். அலைகளைப் பெருக்குவதற்காகச் செய்தது. 6080 பவர் சப்ளையில் வோல்டேஜை ஒரே மட்டத்தில் நிறுத்தி வைக்கும் வேலைக்காக வந்தது. அதன் பெருக்கம் வெறும் 2, உள் தடை 280 ஓம். அந்தக் குறைந்த தடைதான் 300 ஓம் ஹெட்போனுக்கு அதைப் பொருத்தமாக்குகிறது. வால்வை உள்ளிருந்து சூடாக்கும் ஹீட்டருக்கு மட்டும் 2.5 ஆம்பியர் குடிக்கும். பினாங்குப் புழுக்கத்தில் மேசையில் இன்னொரு அடுப்பு எதற்கு என்று அக்கா கேட்டது நியாயமான கேள்வி.

ஆம்ப் பார்க்க அழகாக இருந்தது. அழகு என்றால், கம்பிகள் எல்லாம் நேர்க்கோட்டில் ஓடி, செங்கோணத்தில் திரும்பி, கேபிள் டை போட்டு, படம் எடுத்து மாட்டலாம் போல இருந்தது. ஹெட்போனை மாட்டினால் ‘ர்ர்ர்ர்’.

“மாமா, எல்லாமே நல்ல பார்ட்ஸ்தான் போட்டேன். சாக்கெட் தங்க முலாம். கப்ளிங் கேபாசிட்டரே இருநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல. வால்வு வேற மாத்திப் பார்த்துட்டேன்.”

“சத்தம் எப்படி இருக்கு?”

“ஹம் அடிக்குது மாமா.”

“அதான் எப்படி இருக்குன்னு கேட்கிறேன்.”

இந்தப் பொழுதுபோக்கில் எனக்குள்ள பெரிய மனத்தாங்கலே இதுதான். ஃபேக்டரியில் ஓர் ஐசி சிப் ஃபெயில் ஆனால், எந்த டெஸ்ட்டில் ஃபெயில் ஆனது என்று பார்த்து, அந்தந்த டெஸ்ட்டுக்கான தொட்டியில் விழுந்த பிறகுதான் இவன் காரணம் தேடுவான். கையில் கிடைத்ததை மாற்றிப் பார்ப்போம் என்று லைனில் நின்று சொன்னால் சூப்பர்வைசர் விடமாட்டார். வீட்டுக்கு வந்து சால்டரிங் அயர்னைச் சூடாக்கியதும் அந்தப் புத்தியெல்லாம் எங்கோ போய், கேபாசிட்டர் விலைப்பட்டியலில் விடை தேடுகிறான். அவனை மட்டும் சொல்லி என்ன? ஆயிரம் வெள்ளி கேபிளும் விசேஷ ஃபியூசும் இரைச்சலைக் குறைக்கும் என்று நம்புகிறவர்களில் என் வயசுக்காரர்களும் இருக்கிறார்கள்.

ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி 50 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் இரண்டையும் மாறிமாறிப் போட்டுக் கேட்கச் சொன்னேன். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஹீட்டர் கம்பியிலிருந்தோ டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலத்திலிருந்தோ கசிவது பெரும்பாலும் அதே 50, மெத்தென்ற ‘உம்ம்’. ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜைத் தாண்டிய பிறகு அது 100 ஆகிவிடும். ஃபில்டர் கேபாசிட்டருக்குள் கரண்ட் சீராகப் போவதில்லை. ஒவ்வொரு அரைச் சுற்றின் உச்சியிலும் சட்டென்று பாய்ந்து நின்றுவிடும். அந்தப் பாய்ச்சல் காதில் கூர்மையான ‘ர்ர்ர்’ ஆக விழும். அவன் ஆப்பைக் கொஞ்ச நேரம் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, “இது நூறு மாமா, மேல ஏதோ கீச்சுன்னும் இருக்கு” என்றான். தேடவேண்டிய இடத்தில் பாதி அந்த ஒரு பதிலில் கழிந்துவிட்டது.

அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்விட்சை அணைத்துக் கேட்பது. மெயின்ஸ் போன பிறகும் கேபாசிட்டரில் சார்ஜ் இருக்கும், வால்வும் சூடாக இருக்கும். சில விநாடிகளுக்கு ஆம்ப் உயிரோடுதான் இருக்கும். அணைத்த கணமே சத்தம் நின்றால் அது மின்சாரத்தோடு வந்தது. மெல்லத் தேய்ந்து மறைந்தால் அது வால்வு, ரெசிஸ்டர் சமாசாரம். இவனுடையது சட்டென்று நின்றது. பின்னால் ‘ஸ்ஸ்’ என்று மெல்லிய ஒன்று மட்டும் தொடர்ந்து தேய்ந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மேலே போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. இந்த ஆம்ப்பில் 170 வோல்ட் டிசி இருக்கிறது. உள்ளே கை வைக்கும்போது இடது கை கால்சட்டைப் பைக்குள் இருக்கட்டும். மார்பின் குறுக்கே கரண்ட் பாய வழியே இருக்கக்கூடாது. அணைத்த பிறகு கேபாசிட்டர் வடிய அதற்கென்று ஒரு ரெசிஸ்டர் வேண்டும். 220 மைக்ரோஃபாரடுக்கு 100 கிலோ ஓம் போட்டால் இரண்டு நிமிஷத்தில் ஒரு வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். வந்துவிட்டதா என்று மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடவேண்டும். கம்பிகளைத் தள்ளிப் பார்க்க ஸ்க்ரூட்ரைவரை எடுக்காதீர்கள். சீனர் காப்பிக் கடையில் கொடுக்கும் மூங்கில் சாப்ஸ்டிக், ஈரமில்லாததாக ஒன்று, இந்த வேலைக்கு அம்சமாக இருக்கும்.

வெளியீட்டில் மீட்டரை வைத்தோம். 8 மில்லிவோல்ட். இன்புட் ஆர்சிஏ சாக்கெட்டை ஷார்ட் செய்தோம், அதே 8. வால்யூமை மூடினோம், நடுவில் வைத்தோம், முழுக்கத் திறந்தோம், அசையவில்லை. அப்படியானால் இரைச்சல் வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னால்தான் நுழைகிறது. (நடுவில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. 50 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலின் சரிபாதியில்தான் அடுத்த வால்வின் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனை) தெரியும் தடை அதிகபட்சமாக 12.5 கிலோ ஓமுக்குப் போகும். இரண்டு முனையிலும் அமைதியாக இருந்து நடுவில் மட்டும் சத்தம் கூடினால், அங்கிருந்து கிரிட்டுக்குப் போகும் கம்பி ஆண்டெனா வேலை பார்க்கிறது என்று அர்த்தம்.)

பிறகு ஈசிசி88-ஐக் கழற்றிவிட்டு ஆன் செய்தோம். சத்தம் ஏறக்குறைய போயே போய்விட்டது. ஆக 6080-இல் குற்றமில்லை, அதற்குமேல் இருக்கும் சப்ளையிலும் இல்லை. இந்தக் கழற்றும் சோதனையை எல்லா ஆம்ப்பிலும் செய்துவிடாதீர்கள். இவனுடையதில் இரண்டு நிலைக்கும் நடுவே கேபாசிட்டர் இருப்பதால் பாதகமில்லை. நேரடியாக டிசி இணைப்பில் இருக்கும் சர்க்யூட்டில் முன் வால்வைக் கழற்றினால் பின் வால்வின் கிரிட் நேரே மேலே ஏறி, 6080 தாங்கமுடியாத கரண்டை இழுக்கத் தொடங்கிவிடும்.

இப்போது மீதி இரண்டே சந்தேகம். ஈசிசி88-க்கு வரும் ஹைவோல்டேஜ் அழுக்காக இருக்கவேண்டும், அல்லது அதன் எர்த். ஹைவோல்டேஜ் முனையில் இன்னொரு பெரிய கேபாசிட்டரை கிளிப் போட்டு இணையாக மாட்டினோம். மீட்டர் அசையவில்லை. சப்ளையில் சிற்றலை இருந்திருந்தால் அது பாதியாகவாவது குறைந்திருக்கும்.

எர்த்தைப் பார்த்தோம். சாசியின் (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டம்) நீளத்துக்கு ஒரு கம்பி அழகாக ஓடுகிறது. ஒரு முனையில் டயோடு பிரிட்ஜின் நெகட்டிவ். அங்கிருந்து சுமார் பத்து சென்டிமீட்டர் தள்ளி முதல் ஃபில்டர் கேபாசிட்டர். இந்தப் பத்து சென்டிமீட்டரில், பிரிட்ஜை ஒட்டினாற்போல, ஈசிசி88-இன் கேத்தோடு (எலக்ட்ரான் புறப்படும் முனை) ரெசிஸ்டரின் கால் பற்றவைக்கப்பட்டிருந்தது. சாக்கெட்டுக்கு நேர் கீழே அமைந்த இடம் என்பதால் கம்பி செங்கோணம் மாறாமல் இறங்கியிருந்தது. இன்புட் சாக்கெட்டின் எர்த்தோ கேபாசிட்டரையும் தாண்டி மறுகோடியில்.

“எர்த்துன்னா எல்லாம் ஒண்ணுதானே மாமா? மீட்டர்ல வச்சா ஜீரோ ஓம்தான் காட்டுது.”

மீட்டர் காட்டும் பூஜ்யம் நமக்குப் பூஜ்யம்; 20 மடங்கு பெருக்கும் வால்வுக்கு அல்ல. 0.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி மீட்டருக்கு 34 மில்லி ஓம், பத்து சென்டிமீட்டருக்கு 3.4. ஆம்ப் மொத்தம் குடிப்பது 100 மில்லிஆம்பியர்தான் என்றாலும், கேபாசிட்டர் அதைப் பாய்ச்சல் பாய்ச்சலாகத்தான் வாங்கும். ஒவ்வொரு பாய்ச்சலும் அதைப்போல ஏழெட்டு மடங்கு. 0.7 ஆம்பியர் என்று வைத்தால் அந்தத் துண்டுக் கம்பியின் இரு முனைக்கும் நடுவே 2.4 மில்லிவோல்ட், விநாடிக்கு நூறு தடவை. ஈசிசி88 தன் கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தைத்தான் பெருக்குகிறது. கிரிட் மறுகோடி எர்த்தைப் பார்க்கிறது, கேத்தோடு இந்தக் கோடி எர்த்தைப் பார்க்கிறது. அலையடிக்கும் வாய்க்காலுக்குள் அளவுகோலை நட்டுவிட்டு மழையை அளப்பதுபோல. பாய்ச்சலின் சராசரியைக் கணக்கிட்டு, ஈசிசி88-இன் பெருக்கத்தால் பெருக்கி, 6080 பாதியாக்குவதையும் கழித்துப் பார்த்தால் எட்டு மில்லிவோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. கணக்கு சரியாக வந்ததும் அவன் முகத்தில் ஒரு சந்தோஷம். ஆம்ப் இன்னும் சரியாகவில்லை என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

சரிசெய்வதற்கு ஒரு புதுப் பார்ட்ஸும் வேண்டியிருக்கவில்லை. டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், முதல் கேபாசிட்டர் மூன்றும் தங்களுக்குள் ஒரு சின்ன வளையமாக முடியவேண்டும். பாய்ச்சல் அந்த வளையத்துக்குள்ளேயே சுற்றட்டும். மற்ற எல்லா எர்த்தும் கேபாசிட்டரின் நெகட்டிவ் காலுக்குப் பிறகு தொடங்கவேண்டும். அதிலும் வரிசை உண்டு, பெரிய கரண்ட் முதலில், இன்புட் கடைசியில். கேத்தோடு ரெசிஸ்டரின் காலைப் பிடுங்கி, ஒரு துண்டுக் கம்பியைச் சாய்வாக இழுத்து இன்புட் எர்த்துக்குப் பக்கத்தில் வைத்தோம். செங்கோணம் போச்சு என்று அவனுக்கு வருத்தம்தான். மீட்டர் நன்றாகவே இறங்கியது. ‘ர்ர்ர்’ காணாமல் போய், அதற்கடியில் இதுவரை ஒளிந்திருந்த மெத்தென்ற ‘உம்ம்’ வெளியே வந்தது.

அது ஹீட்டர். இங்கே நம்மூர்ச் சிக்கல் ஒன்று சேர்ந்துகொள்கிறது. அவன் டிரான்ஸ்ஃபார்மரை இணையத்தில் சீனாவிலிருந்து வாங்கியிருந்தான். பிரைமரி (மெயின்ஸ் நுழையும் பக்கம்) 220 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. நம்முடைய மின்சாரம் பெயரளவில் 230. மேலே பத்து சதவீதம், கீழே ஆறு சதவீதம் அனுமதி, அதாவது 216 முதல் 253 வரை. பிளக்கில் 241 இருந்தது. 6.3 வோல்ட் வரவேண்டிய ஹீட்டரில் 6.9. வால்வின் ஆயுளும் குறையும், டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பும் திணறி, சிதறும் காந்தப் புலம் அதிகமாகும். பெட்டியே உறுமுகிறது, ஹெட்போனில் ஒன்றும் இல்லை என்றால் அது பெரும்பாலும் இந்தத் திணறல்தான். ஹீட்டர் வழியில் 0.2 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு 6.3-க்குக் கொண்டுவந்தோம். அடுத்த தடவை வாங்கினால் 230 அல்லது 240 என்று போட்டதை வாங்கு என்றேன்.

ஹீட்டரின் இரண்டு கம்பியையும் இறுக்கமாக முறுக்கி, சாசியின் மூலையை ஒட்டி ஓடவிடுவது எல்லோருக்கும் தெரிந்தது, அவனும் செய்திருந்தான். செய்யாதது, ஹீட்டரை எர்த்திலிருந்து மேலே தூக்குவது. ஹீட்டருக்கும் அதைச் சுற்றியிருக்கும் கேத்தோடுக்கும் நடுவே ஒரு மெல்லிய காப்புப் பூச்சுதான் இருக்கிறது. கேத்தோடைவிட ஹீட்டர் கொஞ்சம் நெகட்டிவாக ஆகும் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் அங்கிருந்து எலக்ட்ரான் தாவும். ஹீட்டரை ஒரேயடியாக 40 வோல்ட் பாசிட்டிவில் உட்கார வைத்துவிட்டால் அந்தத் தாவல் நின்றுவிடும். 170 வோல்ட்டிலிருந்து 220 கிலோ ஓம், 68 கிலோ ஓம் இரண்டையும் வரிசையாகப் போட்டால் நடுவில் 40 கிடைக்கும்; 68-க்கு இணையாக ஒரு கேபாசிட்டர். அந்த முனையை இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்கள் வழியாக ஹீட்டரின் இரு கம்பிக்கும் கொடுத்தால் வேலை முடிந்தது. 6080-இன் கேத்தோடு ஏற்கெனவே 90 வோல்ட் அருகில் நிற்பதால் அதற்கும் இது நல்லதே. மொத்தச் செலவு இரண்டு தே தாரே (இழுத்து ஆற்றிய டீ).

மீட்டரில் 0.2, 0.3 என்று ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. அந்த மீட்டருக்கு அதற்குக் கீழே பார்க்கத் தெரியாது. எச்டி 600-இல் உறுமல் இல்லை.

ஆனால் வலது பக்கம் மட்டும் ‘ஸ்ஸ்’ அதிகம். ‘ஸ்ஸ்’ ஓரளவு இருந்தே தீரும். வால்வுக்குள் எலக்ட்ரான் ஒவ்வொன்றாகப் போய் விழுவதால் வரும் இரைச்சலை வால்ட்டர் ஷாட்கி 1918-இலேயே எழுதிவிட்டார். எந்த ரெசிஸ்டரும் வெறும் சூட்டினாலேயே இரையும் என்பதை ஜான் ஜான்சன் அளந்து காட்ட, ஹாரி நைக்விஸ்ட் அதற்குக் கணக்குச் சொன்னார், 1928-இல். அந்தக் கணக்குப்படி நம்முடைய 12.5 கிலோ ஓம் சும்மா இருக்கும்போதே 2 மைக்ரோவோல்ட் தரும். அதை எந்தப் பார்ட்ஸாலும் குறைக்கமுடியாது. ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இருந்தால்தான் சந்தேகப்படவேண்டும்.

இரண்டு பாதியும் ஒரே கண்ணாடிக்குள் இருப்பதால் வால்வை மாற்றித்தான் பார்க்கமுடியும். அவன் ஏற்கெனவே மாற்றியும் அதே வலது பக்கம். நான் கையை சாக்கெட்டில் வலது சேனலின் கால்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன், தொடவில்லை. ‘ஸ்ஸ்’ மாறியது. பிளேட் (எலக்ட்ரான் போய்ச் சேரும் முனை) வோல்டேஜும் இடது பக்கத்தைவிட பன்னிரண்டு வோல்ட் தள்ளி நின்றது. நல்ல சர்க்யூட் கையைப் பார்த்து நடுங்காது. ஈசிசி88 தனக்குப் பழக்கமான டிவி ட்யூனர் அலைவரிசையில் தானாகவே ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்டம் நம் காதுக்கு எட்டாது, அதன் வண்டல் மட்டும் ‘ஸ்ஸ்’ என்று கேட்கிறது. இதைத் தடுக்கத்தான் கிரிட்டில் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுவது. இடது பக்கம் அது சாக்கெட் காலிலேயே இருந்தது. வலது பக்கம் கம்பி வரிசை கெடுமே என்று வால்யூம் கண்ட்ரோலின் பக்கம் வைத்திருந்தான். ரெசிஸ்டருக்கும் கிரிட்டுக்கும் நடுவே ஒரு சாண் கம்பி. சர்க்யூட் படத்தில் இரண்டும் ஒன்றுதான், 100 மெகாஹெர்ட்ஸில் அந்தச் சாண் கம்பியே ஒரு காயில். காலை நறுக்கி சாக்கெட் முனையோடு ஒட்டி வைத்ததும் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது. பிளேட் வோல்டேஜும் ஒன்றுக்கொன்று சேர்ந்துகொண்டது.

அன்றைக்கு எடுத்துப் போனவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஃபோன் அடித்தான். கம்ப்யூட்டரோடு சேர்த்தால் மட்டும் மறுபடி சத்தம், மவுஸை அசைத்தால் அதற்கேற்ற மாதிரி ‘கிர்க் கிர்க்’. “ஃபோன்லேர்ந்து பாட்டுப் போட்டா?” “ஒண்ணும் இல்ல மாமா.” கம்ப்யூட்டரும் எர்த் ஆகியிருக்கிறது, ஆம்ப்பும் எர்த் ஆகியிருக்கிறது, நடுவில் ஆர்சிஏ கேபிளின் உறை. மூன்றும் சேர்ந்து ஒரு பெரிய வளையம்.

“ஆம்ப் பிளக்கில எர்த் கம்பியைக் கழட்டிட்டா போயிடும்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றாரு.”

போகும், ஆளும் சேர்ந்து போவார். எர்த் ஓட்டையில் பேனாவைக் குத்தி இரண்டு கால் பிளக்கைத் திணிக்கும் பழக்கம் நம்மூரில் யாருக்கும் சொல்லித்தரவேண்டியதில்லை. அது ஃபோன் சார்ஜரோடு நிற்கட்டும். உலோகப் பெட்டிக்குள் 170 வோல்ட்டை அடைத்து வைத்திருக்கும் ஆம்ப்புக்கு எர்த்தான் உயிர்க்கவசம். பெட்டி மெயின்ஸ் எர்த்தோடு ஸ்க்ரூ போட்டு முறுக்கியபடியே இருக்கவேண்டும். மாற்றவேண்டியது உள்ளே: சர்க்யூட்டின் எர்த் பெட்டியைத் தொடும் ஒரே இடத்தில் நேரடிக் கம்பிக்குப் பதிலாக 10 ஓம் ரெசிஸ்டர், அதற்கு இணையாக எதிரெதிராக இரண்டு தடித்த டயோடு, கூடவே 100 நானோஃபாரட் கேபாசிட்டர். வளையத்தில் ஓடும் சின்னக் கரண்ட் அந்தப் பத்து ஓமில் அடங்கிவிடும். ஏதாவது கோளாறாகிப் பெரிய கரண்ட் வந்தால் டயோடு வழிவிட்டு ஃபியூஸை அடிக்கவைக்கும். ஆர்சிஏ சாக்கெட்டின் உலோகம் பெட்டியைத் தொடாமல் பிளாஸ்டிக் வாஷர் போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். தொட்டால் இத்தனையும் வீண். மறுவாரம் அவனே செய்துகொண்டான்.

மழைக்காலத்தில் ஒரு படபடப்பு வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது குளிர்தேசத்துக்காரர்கள் எழுதும் குறிப்பில் இருக்காது. மழை பெய்து ஜன்னல் திறந்திருக்கும் இரவுகளில் ‘பட்... படபட்’ என்று பொரியும். ஆம்ப் ஒரு மணி நேரம் சூடானதும் நின்றுவிடும். சாக்கெட் கால்களைச் சுற்றிச் சால்டர் ஃபிளக்ஸ் பழுப்பாகப் படிந்திருந்தது. காய்ந்த நாளில் அது ஒன்றும் செய்யாது. ஈரம் குடித்தால் 170 வோல்ட் காலிலிருந்து பக்கத்துக் கிரிட் காலுக்குப் பொட்டுப் பொட்டாகக் கசியும். ஐசோப்ரோபில் ஆல்கஹாலும் பழைய பல் பிரஷ்ஷும் எடுத்து, பழுப்பு போகும்வரை தேய்த்து, துடைத்து, ஹேர் டிரையரில் காயவைத்தோம். வால்வின் கால்களையும் துடைத்து, இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்கிப் போட்டோம். கடற்காற்று பட்ட ஊரில் தங்க முலாம் சாக்கெட்டால் ஏதோ பயன் உண்டு என்றால் இங்கேதான், அதை மட்டும் நான் ஒப்புக்கொள்வேன்.

கடைசியாக அவன் கேட்டது இயர்போன். எச்டி 600-இல் சுத்தமாக இருப்பது 32 ஓம் இயர்போனைக் குத்தினால் ‘ஸ்ஸ்’ஸும் லேசான ‘உம்’மும் கேட்கிறது. தொடக்கத்தில் சொன்ன கணக்குதான்: 0.2 மில்லிவோல்ட் எச்டி 600-க்கு 23 டெசிபெல், இயர்போனுக்கு 51. இன்னொரு நல்ல வால்வு வாங்கட்டுமா என்றான். 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும் 10 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்காகவும் போட்டு, இரண்டு சேனலுக்கும் நாலு ரெசிஸ்டரில் ஒரு சின்ன அடாப்டர் செய்துகொள் என்றேன். ஆம்ப்புக்கு 100 ஓமுக்கு மேல் சுமை தெரியும், இயர்போனுக்கு வரும் எல்லாமே பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். பாட்டுக்கு மட்டும் வால்யூமைக் கூட்டி வைத்துக்கொள்ளலாம், இரைச்சலுக்கு அந்த வசதி இல்லை. நாலு ரெசிஸ்டரும் என் டப்பாவிலேயே இருந்தன. இருநூறு வெள்ளிக் கேபாசிட்டர் இரண்டும் அதே இடத்தில் இருக்கின்றன. அவை ஒரு பாவமும் செய்யவில்லை.